ஒரே நாளில் மோதி அடி வாங்கிய 'மேட் மேக்ஸ்' கேம்: விமர்சகர்கள் போட்ட மார்க்கும், ரசிகர்கள் கொடுத்த மறுவாழ்வும்

கடலூர்,

பொங்கலுக்கு இரண்டு பெரிய ஹீரோக்களின் படம் ஒரே நாளில் ரிலீஸ் ஆனால் கடலூர், சிதம்பரம் தியேட்டர் வாசல்களில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2014-ல் 'வீரம்', 'ஜில்லா'. 2019-ல் 'பேட்ட', 'விஸ்வாசம்'. கட்-அவுட், பாலாபிஷேகம், பட்டாசு என்று ஊரே இரண்டு கட்சியாக பிரிந்து நிற்கும். பண்டிகை லீவு கைகொடுப்பதால் இரண்டு படமும் கரை சேர்ந்துவிடுவது உண்டு.

வீடியோ கேம் உலகத்தில் அப்படி ஒரு மோதல் 2015 செப்டம்பர் 1-ந் தேதி அமெரிக்காவில் நடந்தது. ஒரு பக்கம் ஹாலிவுட் பட வரிசையை வைத்து எடுத்த 'மேட் மேக்ஸ்'. எதிர்ப்பக்கம் ஜப்பான்காரர்களின் 'மெட்டல் கியர் சாலிட் 5'. இந்த மோதலில் மேட் மேக்ஸ் நசுங்கிப் போனது. அதோடு விஷயம் முடியவில்லை. 9 வருஷம் கழித்து 2024-ல் படத்தின் டைரக்டரும், கேமை உருவாக்கிய கம்பெனியை தொடங்கியவரும் பகிரங்கமாக முட்டிக்கொள்ளும் அளவுக்கு போய்விட்டது.

பெட்ரோலுக்கு அடிதடி

மேட் மேக்ஸ் முதல் படம் 1979-ல் ஆஸ்திரேலியாவில் வந்தது. டைரக்டர் ஜார்ஜ் மில்லர் படித்தது டாக்டருக்கு. ஆஸ்பத்திரியில் அடிபட்டு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே சினிமாவுக்கு வந்தவர். பைக் கும்பலால் குடும்பத்தை பறிகொடுத்த போலீஸ்காரர் மேக்ஸ் தான் ஹீரோ. மெல் கிப்சன் நடித்தார். படம் சக்கை போடு போட்டது. 1981, 1985-ல் அடுத்த பாகங்கள் வந்தன. உலகமே பாலைவனமாகி, தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் மனிதன் மனிதனை அடித்துக்கொல்லும் காலம் தான் கதைக்களம். 30 வருஷ இடைவெளிக்குப் பிறகு 2015 மே மாதம் டாம் ஹார்டி நடித்து 'பியூரி ரோடு' வந்தது. அடுத்த வருஷம் 6 ஆஸ்கார் விருதுகளை அள்ளியது.

அந்த சூட்டோடு சூடாக களம் இறங்கியது தான் இந்த கேம். வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ். உருவாக்கியது சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் உள்ள அவலாஞ்சி ஸ்டூடியோஸ். படக்கதையை அப்படியே எடுக்காமல் தனிக்கதை பண்ணியிருந்தார்கள்.

'ஓபன் வேர்ல்டு' என்றால் என்ன?

கேம் ஆடாதவர்களுக்கு ஒரு விளக்கம். கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினால் முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ரோடு போகிற போக்கில் தான் போக வேண்டும். பழைய கேம் எல்லாம் அந்த ரகம். ஒரு கட்டம் முடித்தால் தான் அடுத்த கட்டம்.

ஓபன் வேர்ல்டு என்பது சொந்த பைக்கில் போவது மாதிரி. சிப்காட்டில் நிறுத்தி டீ குடிக்கலாம். முட்லூரில் திரும்பி பரங்கிப்பேட்டை போய் கடலை பார்க்கலாம். பிச்சாவரத்தில் படகு ஏறிவிட்டு சாவகாசமாக சிதம்பரம் போய்ச்சேரலாம். போகாமலும் இருக்கலாம், கேட்க ஆள் கிடையாது. 2000-களில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 'வைஸ் சிட்டி' ஆடிய பசங்களுக்கு இதை சொல்லித்தர வேண்டியதில்லை.

மேட் மேக்சில் அந்த உலகம் முழுக்க மணல். மேக்சின் காரை வில்லன் கும்பல் பிடுங்கிக்கொள்கிறது. கூன் விழுந்த ஒரு மெக்கானிக் வந்து சேருகிறார். பெயர் சம்பக்கெட். இவருக்கு கார் தான் சாமி. ஆயுத பூஜைக்கு லாரிக்கு சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் வைக்கிற நம்ம ஊர் டிரைவர்களுக்கு இவரை பார்த்த உடனே பிடித்துவிடும். இரண்டு பேரும் காயலான் கடை இரும்பை பொறுக்கி பொறுக்கி ஒரு புது வண்டி கட்டுகிறார்கள். பின்னால் தொற்றிக்கொண்டு வரும் சம்பக்கெட், கயிறு கட்டிய ஈட்டியை எய்து எதிரி வண்டியின் சக்கரத்தை பிடுங்குவார், கதவை பிய்ப்பார், சில நேரம் டிரைவரையே வெளியே இழுத்துப் போடுவார். புதைத்து வைத்த வெடியை மோப்பம் பிடிக்க ஒரு நாயும் உண்டு. தெம்பு குறைந்தால் செத்த உடம்பில் நெளியும் புழுவை எடுத்து தின்ன வேண்டும். (சாப்பிடும் நேரத்தில் ஆடாமல் இருப்பது நல்லது.)

திடீர் திடீர் என்று மணல் புயல் வரும். மின்னல் வெட்டும், இரும்புத் துண்டுகள் பறந்து வந்து அடிக்கும். 2011-ல் தானே புயலை பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கே அந்த இடத்தில் கை தானாக பிரேக்கை தேடும்.

70 மார்க்

பத்திரிகைகளும் இணையதளங்களும் போடும் மார்க்கை எல்லாம் சேர்த்து சராசரி சொல்லும் தளம் மெட்டாகிரிட்டிக். அதில் மேட் மேக்சுக்கு கிடைத்தது 100-க்கு சுமார் 70. அதே நாளில் வந்த மெட்டல் கியருக்கு 90-க்கும் மேல்! ஸ்டேட் பர்ஸ்ட் வாங்கிய பையன் இருக்கும் வீட்டில் பாஸ் மார்க் வாங்கியவனை யார் கண்டுகொள்வார்கள்? அது தான் இங்கேயும் நடந்தது.

விமர்சகர்கள் ஒன்றும் வஞ்சகமாக எழுதிவிடவில்லை. கார் சண்டையை வாயார புகழ்ந்தார்கள். பாலைவனத்தின் அழகையும், புயலையும் தூக்கி வைத்து பேசினார்கள். அதே வருஷம் ஜூனில் வார்னர் வெளியிட்ட பேட்மேன் கேம் கம்ப்யூட்டரில் ஓட முடியாமல் திக்கித் திணறி, விற்பனையையே நிறுத்தி வைக்கும் நிலைமை வந்தது. மேட் மேக்ஸ் மக்கர் பண்ணாமல் ஓடியதும் நல்ல பெயர் வாங்கித்தந்தது.

ஆனால் குறை என்று வந்தபோது எல்லோரும் சொன்னது ஒன்றே தான். அரைத்த மாவையே அரைக்கிறது. ஒரு முகாமை பிடி, கோபுரத்தை சாய், கண்ணிவெடியை எடு, அடுத்த முகாமுக்கு போ. முகாமுக்கு முகாம் ஒரு தலைமை ரவுடி வருவான். பேரும் சட்டையும் தான் வேறு, சண்டை அதே சண்டை. காரை விட்டு இறங்கி போடும் கைச்சண்டை பேட்மேன் கேமில் பார்த்தது தான் என்றார்கள். கதையில் அழுத்தம் இல்லை என்றும் எழுதினார்கள். 10-க்கு 8-க்கு மேல் கொடுத்தவர்களும் உண்டு. 5-லேயே நிறுத்தியவர்களும் உண்டு.

மார்க் தானே, அதனால் என்ன என்று கேட்கலாம். அந்த தொழிலில் மார்க்கில் சோறு இருக்கிறது. 2010-ல் 'பால்அவுட்: நியூ வேகாஸ்' என்ற கேமை உருவாக்கிய அப்சிடியன் கம்பெனிக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரே ஒரு மார்க்கில் போனஸ் போச்சு! 2012-ல் அந்த கம்பெனியை சேர்ந்த கிறிஸ் அவெல்லோன் இதை வெளியே சொன்னபோது பெரிய பரபரப்பு ஏற்பட்டது. போனசுக்காக கேட் முன்னால் நின்று கோஷம் போட்ட நெய்வேலி தொழிலாளிகளுக்கு இந்த வலி புரியும்.

ரசிகர்கள் போட்ட மார்க் வேறு

இனி தான் வேடிக்கை. மாதங்கள் ஓடின, விலை இறங்கியது. ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் கடையில் தள்ளுபடி நாட்களில் சில நூறு ரூபாய்க்கு மேட் மேக்ஸ் கிடைத்தது. வாங்கி ஆடியவர்கள் "அட, இது நல்லா தானே இருக்கு!" என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்த கடையில் கருத்து எழுதியவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் கேமை பாராட்டியிருக்கிறார்கள். படம் ரிலீசில் ஊத்திக்கொண்டு, டி.வி.யில் போட்டபோது ஊரே உட்கார்ந்து பார்ப்பது இல்லையா, அது மாதிரி.

அப்படியானால் விமர்சகர்கள் சொன்னது தப்பா? தப்பு இல்லை. முகாம்கள் ஒரே மாதிரி தான் இருக்கின்றன, அதை மறுக்க முடியாது. வித்தியாசம் ஆடுகிற விதத்தில் இருக்கிறது. கேமை முழுசாக முடிக்க 50 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். விமர்சகருக்கு கையில் இருப்பது சில நாள். ராத்திரி பகலாக ஆடி, ரிலீசுக்குள் எழுதி கொடுத்தாக வேண்டும். பத்தாவது முகாமிலேயே அவருக்கு வெறுத்துவிடும்.

சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வருகிற ஒருவர் அப்படி ஆட மாட்டார். ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம். ஒரு முகாமை அடித்து நொறுக்கினால் அன்றைய கோபம் தீர்ந்தது, படுக்கப் போய்விடுவார். தினம் நாலு இட்லி சாப்பிடுகிறவருக்கு இட்லி அலுக்காது. ஒரே உட்காரலில் ஐம்பது இட்லி தின்னச் சொன்னால் இட்லி என்ற பேரை கேட்டாலே குமட்டும். விலையும் ஒரு காரணம். முதல் நாளில் முழு விலை கொடுத்தவர் எதிர்பார்ப்பது வேறு, தள்ளுபடியில் வாங்கியவர் எதிர்பார்ப்பது வேறு.

நம்ம ஊர் முயற்சிகள்

நம்ம படங்களை வைத்தும் கேம்கள் வந்திருக்கின்றன. ஏ.ஆர்.முருகதாஸ் 2005-ல் சூர்யாவை வைத்து எடுத்த 'கஜினி'யை 2008-ல் அமீர்கானை வைத்து இந்தியில் எடுத்தார் அல்லவா? அந்த இந்தி படத்தை வைத்து ஐதராபாத்தின் எப்.எக்ஸ்.லேப்ஸ் கம்பெனி கம்ப்யூட்டர் கேம் செய்தது. அது 5 கட்டங்கள் கொண்ட அடிதடி விளையாட்டு, ஓபன் வேர்ல்டு இல்லை. 2014-ல் ரஜினியின் 'கோச்சடையான்' படத்தோடு செல்போன் கேம் வந்தது. 2017-ல் 'பாகுபலி'க்கு பெங்களூருவின் மூன்பிராக் கம்பெனி ஒரு கேம் போட்டது. எல்லாம் படத்துக்கு விளம்பரம் மாதிரி வந்தவை. பெரிய உலகத்தை கட்ட வருஷக்கணக்கும் கோடிக்கணக்கும் வேண்டும், படம் ஓடுகிற நாலு வாரத்தை நம்பி அந்த காசை யார் போடுவார்கள்?

மார்க் வாங்கிய தமிழ் கேம் என்றால் 2023-ல் கனடாவில் இருந்து வந்த 'வெண்பா' தான். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறை கதை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-ல் பிரிட்டனின் பாப்டா விருதை வாங்கியது.

டைரக்டர் - கேம் கம்பெனி மோதல்

மேட் மேக்ஸ் வரிசையில் அடுத்த படம் 'பியூரியோசா' 2024 மே மாதம் வந்தது. அப்போது பேட்டி கொடுத்த ஜார்ஜ் மில்லர், அந்த கேம் தான் நினைத்த அளவுக்கு நன்றாக வரவில்லை என்றும், அது தங்கள் கையில் இல்லாமல் போய்விட்டது என்றும் சொன்னார். ஹிடியோ கொஜிமா மாதிரி ஒருவர் எடுத்து செய்தால் நன்றாக இருக்கும் என்றும் ஆசைப்பட்டார்.

கொஜிமா யார் தெரியுமா? 2015-ல் அதே நாளில் மோதி மேட் மேக்சை சாய்த்த மெட்டல் கியரை உருவாக்கியவரே அவர் தான்! வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல் ஆகிவிட்டது.

படத்தை எடுத்தவர் கேமை கைகழுவுவது புதிது அல்ல. 'காட்பாதர்' கேம் வந்த சமயத்தில் டைரக்டர் கொப்போலாவும் அது தனக்கு பிடிக்கவில்லை என்று சொன்னவர் தான். ஆனால் இந்த தடவை எதிர்ப்பக்கம் சும்மா இருக்கவில்லை.

அவலாஞ்சியை தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் சண்ட்பெர்க் கொதித்து எழுந்தார். மில்லர் பேசுவது சுத்த அபத்தம், ஆணவம் என்று எக்ஸ் தளத்தில் பொரிந்து தள்ளினார். முதலில் நேர்கோட்டில் போகும் கேமாக செய்யச் சொல்லி வார்னர் தரப்பு கட்டாயப்படுத்தியது, ஒரு வருஷம் போன பிறகு தான் ஆடுகிறவர்கள் ஓபன் வேர்ல்டு கேமில் இஷ்டப்படி சுற்ற ஆசைப்படுவார்கள் என்று அவர்களுக்கு புரிந்தது என்றார். மெட்டல் கியர் வரும் நாளிலேயே ரிலீஸ் செய்ய வைத்துவிட்டு, விற்பனை குறைந்ததும் பழியை தங்கள் மேல் போட்டார்கள் என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. பஸ் பிரேக் டவுன் ஆனால் கண்டக்டரை திட்டுகிற கதை தான்.

கேமுக்காக தயார் செய்து வைத்திருந்த கூடுதல் பாகங்களும் இதனால் ரத்தாகிவிட்டன என்று சண்ட்பெர்க் சொன்னார். அவர் 2019-ல் அவலாஞ்சியை விட்டு விலகி, அதே ஸ்டாக்ஹோமில் வேறு கம்பெனி தொடங்கிவிட்டார். அந்த கூடுதல் பாகங்கள் கடைசி வரை வெளியே வரவே இல்லை.