ஹால் கொதிக்கிறது, படுக்கையறை குளிர்கிறது: வாடகை வீட்டில் யார் பொறுப்பு?

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் வாடகைக்கு இருக்கும் நம் குடும்பங்களில் குளிர்காலம் வந்தால் அடிக்கடி கேட்கும் புகார் இது. கீழே ஹாலில் அனல் அடிக்கும், மேலே பிள்ளைகள் படுக்கும் அறையில் ரேடியேட்டர் இருந்தும் பயன் இருக்காது. பழைய வீடு, இப்படித்தான் இருக்கும் என்று தெர்மோஸ்டாட்டை இன்னும் இரண்டு டிகிரி ஏற்றி வைப்பார்கள். ஹாலில் புழுக்கம் கூடும், கேஸ் பில் ஏறும், அந்த அறை மட்டும் அப்படியே கிடக்கும். இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலும் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். அது பெரிதாகவே இருந்தாலும், வாடகை வீட்டில் அதைச் சரிசெய்து தருவது சட்டப்படி வீட்டுக்காரரின் வேலை.

பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்ப் அதை ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் அனுப்புகிறது. சூட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் பாய்லருக்கே திரும்புகிறது. இந்தச் சுற்று எங்கே தடைப்படுகிறது என்பதைக் கையால் தொட்டே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஹீட்டிங்கை அரை மணி நேரம் ஓடவிட்டு ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலிருந்து கீழாகத் தொட்டுப் பாருங்கள். சூடு கையைச் சுடும், கவனம்.

கீழே சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. இதை நீங்களே சரிசெய்யலாம். ஹீட்டிங்கை நிறுத்தி ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருங்கள். அதன் மேல் ஓரத்தில் சதுரத் தலையுள்ள சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதற்கான சாவி ஹார்ட்வேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பழைய துணியொன்றைக் கீழே பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாக அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று போகும், பிறகு தண்ணீர் துளிர்க்கும். துளிர்த்ததும் மூடிவிடுங்கள். திருகை முழுவதும் கழற்றிவிடக் கூடாது. முடித்தபின் பாய்லரில் உள்ள அழுத்தமானியையும் பாருங்கள். மூடிய சுற்றில் ஓடும் பாய்லர்களில், ஆறியிருக்கும்போது முள் பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். அது அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

மேலே சூடாகவும் கீழே, முக்கியமாக நடுப்பகுதியில், குளிர்ந்தும் இருந்தால் அடியில் சேறு படிந்திருக்கிறது. குழாயிலும் ரேடியேட்டரிலும் இருக்கும் இரும்பு துருப்பிடித்துக் கறுப்புக் கசடாகத் தங்கிவிடுகிறது. இதற்குக் காற்றை வெளியேற்றிப் பலனில்லை. தொழில் தெரிந்தவர் வந்து இயந்திரம் வைத்துக் குழாய்களைக் கழுவி, துருவைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலக்க வேண்டும்.

ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுதாகக் குளிர்ந்திருந்தால், அதன் ஓரத்தில் எண்கள் போட்ட வால்வைப் பாருங்கள். கோடை முழுவதும் மூடிக் கிடந்ததில் உள்ளிருக்கும் ஊசி சிக்கியிருக்கலாம். சோபாவோ கனத்த திரைச்சீலையோ அந்த வால்வை மறைத்தாலும், அறை சூடாகிவிட்டது என்று எண்ணி அது அடைத்துக்கொள்ளும்.

பாய்லருக்கு அருகிலுள்ளவை கொதித்து, தொலைவில் உள்ளவை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், அது தலைமடைக்காரர் தண்ணீரை எடுத்துக்கொள்ள கடைமடை காய்வது போன்ற சிக்கல். அருகிலுள்ள ரேடியேட்டர்களின் மறுமுனை வால்வைச் சற்று இறுக்கினால் தொலைவுக்கும் சூடு போய்ச் சேரும். அரை நாள் பொறுமையாகச் செய்ய வேண்டிய இந்த வேலையை அவசரக்காரத் தொழிலாளிகள் தட்டிக்கழிப்பார்கள். விடாமல் கேளுங்கள். மாடி சூடாகித் தரைத்தளம் குளிர்ந்தால் பம்ப் பலவீனமாக இருக்கக்கூடும்.

உங்கள் கை இதோடு நிற்க வேண்டும். பாய்லரின் மூடியைத் திறக்காதீர்கள். பிரிட்டனில் கேஸ் சாதனங்களில் வேலை செய்ய 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இருப்பவருக்கு மட்டுமே அனுமதி. 2009 ஏப்ரலில் பழைய 'கோர்கி'யின் இடத்துக்கு வந்தது இந்தப் பதிவேடு. "தெரிந்த அண்ணா ஒருவர் பாதி விலைக்குச் செய்து தருவார்" என்ற பேச்சை நம்பாதீர்கள். எந்த வேலைக்குத் தகுதி உள்ளவர் என்பது அவருடைய அட்டையின் பின்புறத்தில் இருக்கும். புரட்டிப் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கெட்டுப்போன பாய்லர் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிவது, பாய்லரைச் சுற்றிக் கரி படிவது, வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலியும் மயக்கமும் வந்து வெளியே போனதும் தெளிவது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். உடனே ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறி 0800 111 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். குளிர் தாங்காமல் சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் இதே ஆபத்தைத்தான் வரவழைக்கும்.

இனி உரிமை. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கான சட்டம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. 1985ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், 11ஆம் பிரிவின்படி, அறைகளைச் சூடாக்கும் அமைப்பையும் சுடுநீர் அமைப்பையும் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. ஏழு ஆண்டுகளுக்குக் குறைவான வாடகை ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தும். "ஹீட்டிங் பழுது வாடகைக்காரர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அந்த வரி செல்லாது. கேஸ் சாதனங்களை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, 28 நாட்களுக்குள் சான்றின் நகலை உங்களிடம் தர வேண்டும். பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் 2022 அக்டோபரிலிருந்து அவர் கடமைதான்.

கவுன்சில் வீட்டில் இருப்போருக்கு இன்னொரு விதி உண்டு. அக்டோபர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை ஹீட்டிங் முழுவதுமாகவோ ஒரு பகுதியோ நின்றால், 250 பவுண்டுக்கு உட்பட்ட பழுதை ஒரு வேலைநாளில் சரிசெய்ய வேண்டும். 'ஒரு பகுதி' என்பதைக் கவனியுங்கள். ஓர் அறை மட்டும் குளிர்வதையும் அந்த அடிப்படையில் கேட்கலாம்.

தொலைபேசியில் சொல்லிவிட்டு விட்டுவிடுவதுதான் நம்மவர் வழக்கம். பின்னாளில் அதற்குச் சாட்சி இருக்காது. மின்னஞ்சலில் தேதி போட்டு எழுதுங்கள், குளிர்ந்த ரேடியேட்டரின் படத்தை இணையுங்கள். சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, காலையும் இரவும் அறையின் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. வீட்டுக்காரர் அசையாவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள். கடுங்குளிரை அவர்கள் வீட்டின் ஆபத்துகளில் ஒன்றாகவே கணக்கிடுகிறார்கள். அது மிகக் கடுமையான நிலையில் இருந்தால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். கவுன்சில் வீடு அல்லது வீட்டுவசதிச் சங்கத்தின் வீடு என்றால், அவர்களிடம் முறைப்படி புகார் கொடுத்துவிட்டு ஹவுஸிங் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம்.

கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். பழுது பார்க்க 24 மணி நேரம் முன்னதாக எழுதிக் கேட்டால் ஆளை உள்ளே விடுங்கள். புகார் செய்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. தனியார் வாடகையில் காரணம் சொல்லாமல் காலி செய்யவைக்கும் 21ஆம் பிரிவு, 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2026 மே 1 முதல் இல்லை. வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையில் தங்கியிருப்பவர்களுக்கு, குறிப்பாக மாணவர்களுக்கு, இந்தப் பாதுகாப்பு குறைவு. ஆனால் ஆண்டுதோறும் நடக்க வேண்டிய கேஸ் சோதனை அவர்களுக்கும் உண்டு.

ஆங்கிலம் வராதே என்று தயங்காதீர்கள். பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சொல்லி எழுதச் செய்யுங்கள். ஷெல்ட்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய அமைப்புகள் இலவசமாக ஆலோசனை தருகின்றன. முதல் மின்னஞ்சலை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.