தூரத்து ஊர்கள் – 9: சராசரியில் மறைந்த மலை

கள்ளக்குறிச்சி பக்கத்து நைனார்பாளையத்துக்காரர் ஒருவர் கலெக்டரை நேரில் பார்த்து மனு கொடுக்க வேண்டுமென்றால், 2019 வரை விழுப்புரத்துக்குத்தான் போக வேண்டும். திங்கட்கிழமை விடியும் முன்னே பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, அங்கிருந்து இன்னும் 70 கிலோமீட்டருக்கு மேல். பஸ் காசோடு அன்றைய கூலியும் போகும். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் நாளாக இருந்தால் மனுவே வேண்டாம் என்று இருந்துவிடுவார்கள்.

1993-ல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டம் 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதன் எழுத்தறிவு 71.88 சதவீதம்; மாநிலத்தின் எழுத்தறிவு 80-ஐத் தாண்டியிருந்தது. மரக்காணம் கடற்கரை, திண்டிவனம் நகரம், கல்வராயன் மலைக் குக்கிராமம் எல்லாவற்றையும் கூட்டி வகுத்த எண் அது. மலையின் உண்மை நிலை அதில் தெரியவே தெரியாது.

பின்தங்கிய பகுதிகளுக்கான மானிய நிதியை மத்திய அரசு 2007-ல் தொடங்கியபோது நாடெங்கும் 250 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டின் ஆறில் விழுப்புரமும் ஒன்று. நோக்கம் நல்லது, அலகுதான் மிகப் பெரிது. பிறகு மாநில அரசு ஆண்டுக்கு 100 கோடி ரூபாயில் சமச்சீர் வளர்ச்சி நிதியத்தை அமைத்து, மாவட்டத்தை விட்டு ஒன்றியம் ஒன்றியமாகப் பின்தங்கிய இடங்களைத் தேடியது. தொகை சிறிதானாலும் பார்வை சரியானது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022-ல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நைனார்பாளையம் போன்ற சமவெளி ஊர்களுக்கு இவை பெரிய ஆறுதல். கல்வராயன் மலைக்கு?

1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சாமையும் தினையும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினர், விளைச்சல் போதாமல் கேரளத்துக்கும் குடகுக்கும் மிளகு, காபி பறிக்கப் போகிறார்கள். ரோடு இல்லாத ஊர்களில் நோயாளியைத் தொட்டில் கட்டித்தான் தூக்கி வர வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகே, மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அத்தனை பேர் சாகும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமா இது?

ரோடு கேட்டால் வழக்கமாக வரும் பதில், ‘காப்புக்காடு, அனுமதி வேண்டும்.’ ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, மருந்தகம், ரோடு போன்ற 13 வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தர வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும், அவ்வளவுதான். மூன்றே முக்கால் மீட்டர் அகலத்தில் போட்டால், அந்த அளவு நிலத்திலேயே ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் ரோடு நீளும். மலையில் பல குக்கிராமங்களுக்குக் குறைவது அந்த அளவு தூரம்தான். கிராம சபைத் தீர்மானம், மாவட்ட வன அலுவலர் கையெழுத்து, ஊரக வளர்ச்சித் துறையின் மதிப்பீடு: இந்த மூன்றையும் ஒரே மேஜையில் சேர்த்து முடித்துத்தர ஒரு அதிகாரி மலை மேலுள்ள வெள்ளிமலையிலேயே உட்கார வேண்டும்.

(தொடரும்)