போர்வையைக் கீழே போட்ட சிறுவன்

(திருவருகைக் காலச் சிந்தனை: வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் பிறந்துவிட்டால் ஓசூரில் வாழும் நமக்கு இரண்டு கிறிஸ்மஸ் உண்டு. ஒன்று, அத்திப்பள்ளியைத் தாண்டியதும் பெங்களூருவின் கடைவீதிகளிலும் மால்களிலும் நவம்பரிலேயே தொடங்கிவிடுகிற கிறிஸ்மஸ். அங்கே பனியே விழாத ஊரில் பஞ்சுப் பனி விழுகிறது. கூரையைத் தொடும் பிளாஸ்டிக் மரம் நிற்கிறது. தள்ளுபடி விலை தொங்குகிறது. மற்றொன்று நம் வீட்டுத் திண்ணையில், காகித நட்சத்திரத்துக்குள் பல்பு மாட்டி, வைக்கோல் தேடி அலைந்து குடில் கட்டுகிற கிறிஸ்மஸ். இரண்டுக்கும் நடுவில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்கள் எந்தக் கிறிஸ்மஸை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்தபோது, பழைய கார்ட்டூன் படம் ஒன்று நினைவுக்கு வந்தது. மறுபடியும் போட்டுப் பார்த்தோம்.

'எ சார்லி பிரவுன் கிறிஸ்மஸ்' என்பது அதன் பெயர். 1965ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி அதை முதன்முதலாக ஒளிபரப்பியது. அதற்கு முந்தின நாள், டிசம்பர் 8 அன்றுதான், உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவடைந்தது. வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றை நற்செய்திப் பணிக்குப் பயன்படுத்த வேண்டும் என்று அந்தச் சங்கம் 1963இலேயே தனி ஆணை வெளியிட்டிருந்தது. படத்தை எடுத்தவர்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அதை எழுதிய சார்லஸ் ஷுல்ஸ் கத்தோலிக்கரும் அல்ல. வேறொரு சபையைச் சேர்ந்தவர், மறைக்கல்வி வகுப்பு நடத்தியவர். ஆனாலும் சங்கம் கேட்டதை மறுநாளே ஒரு கார்ட்டூன் செய்து காட்டியது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வியப்பும் வருகிறது.

கதை மிகச் சிறியது. அரை மணி நேரம்கூட இல்லை. சார்லி பிரவுன் என்ற சிறுவனுக்குக் கிறிஸ்மஸ் வந்தும் மனதில் மகிழ்ச்சி இல்லை. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. சுற்றிலும் பார்க்கிறான். அவன் வளர்க்கும் நாய் ஸ்நூப்பி, அலங்காரப் போட்டியில் பரிசு வாங்கத் தன் குடிசைக்கு விளக்குத் தோரணம் கட்டுகிறது. தங்கை சாலி, கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு எழுதும் கடிதத்தில் பொம்மைகூட வேண்டாம், ரொக்கமாக அனுப்புங்கள் என்கிறாள். தோழி லூசிக்கோ நிலபுலன் வேண்டுமாம்! பள்ளி நாடகத்துக்கு ஒரு மரம் வாங்கிவரச் சொல்லி சார்லியை அனுப்புகிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே பளபளக்கும் அலுமினிய மரங்கள்தான் நாகரிகம். அவனோ அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஊசியிலைகள் உதிரும் நோஞ்சான் மரக்கன்று ஒன்றைத் தூக்கிவருகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். கிறிஸ்மஸ் என்றால் என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று அவன் கத்திவிடுகிறான்.

அப்போது அவனுடைய நண்பன் லைனஸ், தனக்குத் தெரியும் என்று மேடையின் நடுவுக்குப் போகிறான். விளக்கொளியைத் தன்மேல் விழச் செய்யச் சொல்கிறான். லூக்கா நற்செய்தி 2ஆம் அதிகாரம், 8 முதல் 14 வரையுள்ள வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறான். ஏறக்குறைய ஒரு நிமிடம். பின்னணி இசை இல்லை, வேடிக்கை இல்லை. சொல்லி முடித்துவிட்டு நண்பனிடம் திரும்பி வருகிறான், அவ்வளவுதான்.

அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பெரிய தயக்கம் எழுந்தது. தொலைக்காட்சிக் கார்ட்டூனில் விவிலியத்தை வாசிப்பதா, மக்கள் ஏற்பார்களா என்று தயாரிப்பாளர் லீ மெண்டல்சனும் இயக்குநர் பில் மெலெண்டெஸும் தயங்கினார்கள். நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள் என்று ஷுல்ஸ் கேட்டார். முடித்துப் போட்டுக் காட்டியபோது தொலைக்காட்சி நிறுவனத்தாருக்குப் படம் பிடிக்கவில்லை. மெதுவாகப் போகிறது என்றார்கள். விளம்பரம் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் ஒருமுறை போட்டுவிட்டு விட்டுவிடலாம் என்ற நிலை. ஒளிபரப்பான இரவில், அமெரிக்காவில் அந்த நேரத்தில் தொலைக்காட்சி பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைத்தான் பார்த்தார்கள். எம்மி விருதும் பீபடி விருதும் கிடைத்தன. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கிறிஸ்மஸ் வியாபாரமாகிவிட்டதே என்று வருந்துகிற அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது கோகோ கோலா நிறுவனம். உலகத்தில் சுத்தமான கோதுமை மட்டும் எங்கே முளைக்கிறது?

இன்று பார்க்கும்போது படத்தில் குறைகள் தெரிகின்றன. உருவங்கள் தட்டையாக அசைகின்றன. சில இடங்களில் காட்சிகள் ஒட்டவில்லை. இன்றைய வேகத்துக்குப் பழகிய பிள்ளைகள் பத்தாவது நிமிடத்தில் கைப்பேசியைத் தேடலாம். ஆனால் லைனஸைக் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் எங்கே போனாலும் நீலப் போர்வை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே போவான். கேலி செய்தாலும் விடமாட்டான். அதுதான் அவனுக்குத் துணை. மேடையிலும் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறான். வானதூதர் இடையர்களிடம் அஞ்ச வேண்டாம் என்று சொல்லும் இடம் வந்ததும், போர்வை அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுகிறது. படத்தில் யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. பலமுறை பார்த்தவர்களே பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

லைனஸ் சொல்லும் பகுதி நமக்குப் புதிதல்ல. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்தியின் பிற்பகுதி அதுதான். முற்பகுதியில் பேரரசர் அகுஸ்து வருகிறார், ஆளுநர் வருகிறார், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. செய்தி மட்டும் அவர்களுக்குப் போகவில்லை. இரவில் கிடையைக் காவல் காத்தவர்களுக்குப் போனது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆடு மேய்ப்பவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த வேலையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சிப்காட்டில் மூன்றாம் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஊர் தூங்கும்போது விழித்திருப்பவர்கள், பண்டிகை இரவிலும் விடுப்புக் கிடைக்காதவர்கள், வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிவிட்டிருப்பதைப் பார்ப்பவர்கள். முதல் கிறிஸ்மஸ் மறையுரையைக் கேட்ட சபை அப்படிப்பட்டது.

வானதூதர் அவர்களுக்குக் கொடுத்த அடையாளமும் கவனிக்கத் தக்கது: துணிகளில் சுற்றப்பட்ட ஒரு குழந்தை. படத்தின் இறுதியில் சார்லி அந்த மரத்தில் ஒரே ஒரு சிவப்பு உருண்டையை மாட்ட, பாரம் தாங்காமல் மரம் தலைசாய்கிறது. கொன்றுவிட்டேனே என்று அவன் அழுகிற முகத்தோடு போய்விடுகிறான். பிறகு பிள்ளைகள் கூடுகிறார்கள். லைனஸ் தன் போர்வையை எடுத்து மரத்தின் அடியைச் சுற்றிக் கட்டுகிறான். ஸ்நூப்பிக்குப் பரிசு வாங்கித் தந்த தோரணங்களைக் கழற்றி அந்த மரத்துக்குச் சூட்டுகிறார்கள். அஞ்சியபோது தான் பிடித்திருந்ததை, அச்சம் போன பிறகு பலவீனமான ஒன்றுக்கு அவன் போர்த்திவிடுகிறான். ஷுல்ஸ் இதையெல்லாம் யோசித்து வரைந்தாரா என்று வாதிடத் தேவையில்லை. லூக்காவை வாசித்தவர்களுக்குக் கண்ணில் படும்.

1223ஆம் ஆண்டு கிரேச்சோ என்ற இத்தாலியச் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் செய்ததும் இதைப் போன்றதுதான். தீவனத் தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை ஆகியவற்றைக் கொண்டுவரச் சொன்னார். பெத்லகேமின் ஏழ்மையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நம் குடில் வழக்கத்துக்கு அந்த இரவு வேர். குடில் போட்டியில் முதல் பரிசு வாங்க, பம்பு வைத்து அருவி ஓட்டி, மின்சார ரயிலும் விட்டு, குழந்தை இயேசுவை எங்கே வைத்தோம் என்று தேடுகிற அன்பியங்களும் இருக்கின்றன. அவர்கள் ஸ்நூப்பியின் குடிசையை ஒருமுறை பார்க்கலாம்.

படத்தைப் பற்றிய இன்னொரு செய்தி. அதில் குரல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் உண்மையான சிறுவர்களே. சாலிக்குக் குரல் கொடுத்த சிறுமிக்கு அப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கவே தெரியாது. பெரியவர்கள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு அவற்றை இணைத்தார்கள். குரலில் அந்தத் திக்கல் இன்றும் கேட்கிறது, அழகாகவும் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம் பங்கில் பல வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. பிள்ளைகள் படிப்பதோ ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ் விவிலியம் இருக்கிறது, பிள்ளைக்கு அதை வாசிக்க வராது, அதனால் நற்செய்தி வாசிப்பது கோயிலில் சாமியார் செய்கிற வேலை என்று விட்டுவிடுகிறோம். வரும் 24ஆம் தேதி இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களால் நள்ளிரவுத் திருப்பலிக்கும் வர முடியாது. கிளம்புவதற்கு முன் குடிலின் முன் எல்லோரும் உட்காருங்கள். லூக்கா 2ஆம் அதிகாரம், 8 முதல் 14 வரை, ஏழே வசனங்கள். அப்பா ஒரு வரி சொல்லட்டும், பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லட்டும். திக்கினால் திருத்த வேண்டாம். கம்பெனிப் பேருந்து வருவதற்குள் முடிந்துவிடும்.