அவரைக்கொடியின் இரவுக் கணக்கு

போன வருடம் ஆடிப்பெருக்கு அன்று, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு குரோ பேக்குகளில் அவரை விதை ஊன்றினேன். பைக்கு மூன்று விதை. அவரை விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதன் விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று நீளமாக ஓடும். காய்க்குள் இருந்தபோது தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த தழும்பு அது. நமக்குத் தொப்புள் மாதிரி.

இரண்டு பைகளுக்கும் ஒரே பாக்கெட் விதை, ஒரே மண், ஒரே அளவு மண்புழு உரம். ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். மற்றொன்று தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரோரம். ஐந்தாறு நாளில் முளை வந்தது. கயிறு கட்டிவிட்டதும் கொடிகள் மளமளவென்று ஏறின. புரட்டாசியில் இரண்டு பந்தலும் பச்சைப் பசேல். ஆனால் பூ? ஒன்றுகூட இல்லை.

“பனி விழட்டும், தானா பூக்கும்” என்றார் கீழ் வீட்டுப் பாட்டி. “ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க?”

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. பைகளின் அடியில் இருந்த துளைகளை மண் அடைத்துக்கொள்ளாமல் குச்சியால் குத்திவிட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேரும் மூச்சுவிடும், தெரியுமா?

கார்த்திகை பிறந்தது. தொட்டிக்குப் பின்னால் இருந்த கொடியில் ஊதா நிறப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நின்றன. சுவரோரக் கொடியில் இலை மட்டும்தான். பாட்டி சொன்ன பனி இரண்டின் மேலும்தானே விழுந்தது? அப்படியானால் பனி காரணம் இல்லை. வேறு எது?

விடை கண்டுபிடித்தது நான் இல்லை, பாட்டியின் பேரன். ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குக் கையில் காமிக்ஸ் புத்தகத்தோடு மாடிக்கு வந்தவன், சுவரோரமாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். “இங்கே லைட்டே வேண்டாம் ஆன்ட்டி. தெருவிளக்கே போதும்!”

நான் தொட்டிக்குப் பின்னால் போய் அதே புத்தகத்தை விரித்துப் பார்த்தேன். ஓர் எழுத்தும் தெரியவில்லை.

வெளிச்சத்துக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தெரிந்துகொள்ள, கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்குப் போய் வருவோம். நூறு வருடங்களுக்கு முன்னால் அங்கே வேளாண் துறையில் கார்னர், அல்லார்டு என்று இரண்டு விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்களிடம் ஒரு வகைப் புகையிலைச் செடி இருந்தது. கோடைக்காலம் முழுக்க ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பூக்கவே பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் மட்டும் சின்னதாக இருக்கும்போதே பூத்துவிடும். குளிர்தான் காரணமா, உரமா, தண்ணீரா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். எதுவும் இல்லை. 1918 ஜூலையில் ஒரு காரியம் செய்தார்கள். சில தொட்டிகளைத் தினமும் மாலை நான்கு மணிக்கு இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுத்தார்கள். நட்ட நடுக் கோடையில் அந்தச் செடிகள் பூத்துவிட்டன! வெளியே நின்றவை பூக்கவில்லை. பகல் எவ்வளவு நேரம் என்று செடிக்குத் தெரிகிறது என்று 1920-இல் எழுதினார்கள்.

அதிலும் ஒரு திருத்தம் பின்னால் வந்தது. 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தைச் செடியை வைத்துச் சோதித்தார்கள். பகலுக்கு நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் செடி கண்டுகொள்ளவே இல்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டால் பூப்பது நின்றுபோனது. செடி எண்ணுவது பகலை இல்லை, இரவை! அதுவும் நடுவில் உடையாத இரவை. இந்தச் சோதனையை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் சிலிர்க்கிறது.

கண் இல்லாத செடி இரவை எப்படி எண்ணும்? இலையில் பைட்டோகுரோம் என்ற ஒளியுணர் பொருள் இருக்கிறது. வெளிச்சத்தில் உள்ள சிவப்பு ஒளி பட்டதும் அது ஒரு வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இலைக்குள் ஓர் உள்கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து, ‘இந்த இரவு போதுமான நீளம்தான்’ என்று தெரிந்ததும் இலை ஒரு புரதத்தைத் தண்டு வழியாக நுனிக்கு அனுப்பும். இலை விடப்போன மொட்டு பூ விட ஆரம்பிக்கும். மருளூமத்தையில் ஒரே ஓர் இலை நீண்ட இரவை உணர்ந்தால்கூடப் போதும், செடி பூத்துவிடும்.

லண்டன் மாதிரி ஊரில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரம்தான். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியும். நம் சென்னையில்? ஜூன் கடைசியில் இரவின் நீளம் சுமார் 11 மணி 6 நிமிடம். டிசம்பர் கடைசியில் சுமார் 12 மணி 39 நிமிடம். ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதுவும் ஆறு மாதத்தில் சிறுகச் சிறுகக் கூடுவது. நாம் கவனிப்பதே இல்லை. அவரை கவனிக்கிறது.

இப்போது பாட்டியின் பழமொழியைத் திரும்பப் பாருங்கள். பட்டம் என்றால் விதைக்கும் பருவம். சித்திரையில் அவரை ஊன்றினால் ஐப்பசி வரைக்கும் இலையாகவே நிற்கும். தண்ணீர் ஊற்றியே கை ஓயும். தையில் ஊன்றினால் அப்போது இரவு நீளமாக இருப்பதால் குட்டிச் செடியிலேயே பூ வந்துவிடும். காய்களைத் தாங்க உடம்பு இருக்காது. ஆடியில் ஊன்றினால் உடம்பு வளர்க்க மூன்று மாதம், பிறகு பூக்கச் சொல்லும் இரவுகள். கடிகாரமும் பைட்டோகுரோமும் தெரியாத காலத்தில், வருடா வருடம் பார்த்துப் பார்த்தே நம் உழவர்கள் இந்தக் கணக்கைப் பிடித்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

எல்லாச் செடியும் இப்படி இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய செடி அவரை ரகங்கள் பட்டம் பார்க்காமல் காய்க்கும். தக்காளியும் கத்தரியும் இரவை எண்ணுவதில்லை. தக்காளிக்கு வெயில்தான் எதிரி. அக்கினி நட்சத்திரத்தில் அதன் மகரந்தம் வீணாகி, பூ காம்போடு உதிரும். ஆனால் சாமந்தி அவரையின் கட்சி. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இரவில் போனால், சாமந்தித் தோட்டங்களில் வரிசையாகப் பல்புகள் எரிவதைப் பார்க்கலாம். ‘இன்னும் இரவு நீளவில்லை’ என்று செடியை நம்பவைத்து, அது நன்றாக வளர்ந்த பிறகு விளக்கை அணைத்துப் பூக்கவிடுகிறார்கள்.

தெருவிளக்கு எங்கள் கொடியிடம் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ‘அப்படியானால் பௌர்ணமி நிலா?’ என்று கேட்பீர்கள். பாட்டியின் பேரனும் கேட்டான். நிலவொளி தெருவிளக்கைவிடப் பல மடங்கு மங்கல். பூப்பதை நிறுத்த அது போதாது.

கார்த்திகை தீபத்தன்று நானும் அவனும் நான்கு கோணிச் சாக்குகளைத் தைத்து, விளக்குக்கும் கொடிக்கும் நடுவே திரையாகத் தொங்கவிட்டோம். மாலை ஆறு மணிக்கு இறக்குவது, காலையில் ஏற்றுவது. இறக்குவது அவன் வேலை. ஒரு நாள்கூட மறக்கவில்லை. சாக்கை இறக்கிய பிறகு தினமும் காமிக்ஸை விரித்து, எழுத்து தெரியவில்லை என்று உறுதிசெய்துகொள்வான். நீங்களும் உங்கள் மாடியில் செய்து பார்க்கலாம், ஆனால் இரவில் மாடிக்குப் போகும்போது பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

இதற்குள் தொட்டிப்பக்கக் கொடியில் அறுவடை. விதை புடைப்பதற்கு முன் பறித்தால்தான் நார் இல்லாமல் இருக்கும். பறிக்கப் பறிக்கத்தான் புதுப் பூவும் வரும். காயை முற்ற விட்டால் செடி தன் சத்தையெல்லாம் விதைக்கே கொடுத்துவிடும். நடுவில் கறுப்பு அசுவினிப் பூச்சிகள் பூக்காம்பில் அப்பிக்கொண்டன. எறும்புகள் அவற்றுக்குக் காவல்! அசுவினி கசியவிடும் இனிப்புநீருக்காகத்தான். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். மிச்சத்தைப் பொறிவண்டுகள் தின்றன.

மார்கழி மூன்றாம் வாரம். சாக்குத் திரைக்குப் பின்னால், இலைக்கக்கத்தில், பச்சை மணிகள் கோத்த மாதிரி ஒரு கொத்து. அவன் போட்ட கத்தலில் பாட்டி படி ஏறி வந்துவிட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் மாட வீதிகளில் கரும்பும் மஞ்சள் கொத்தும் மொச்சையும் குவிந்திருந்தன. மொச்சையும் அவரையும் ஒரே இனம்தான்; ஒன்றில் விதையைத் தின்கிறோம், மற்றொன்றில் தோலோடு. பொங்கல் கூட்டுக்கு மொச்சையை வாங்கிக்கொண்டோம். அவரை தொட்டிப்பக்கக் கொடியிலிருந்து வந்தது.

சுவரோரக் கொடி தை முடிவில்தான் காய் தந்தது. மொத்தம் இருபத்தேழு. அவற்றில் மூன்றைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டோம். பதினோரு விதை கிடைத்தது. சாம்பல் போட்டு ஒரு சின்ன பாட்டிலில் அவன் மூடிவைத்திருக்கிறான். மூடியில் ‘ஆடி 18’ என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.