கை அறிந்ததை எழுதுவது எப்படி?

தொழில் தெரிந்தவர் சொல்வதை அப்படியே எழுதினால் நல்ல கைநூல் ஆகிவிடாது. பழகிய கை செய்யும் பலவற்றை வாய் சொல்வதில்லை.

ஜப்பானில் 1980களில் மட்சுஷிட்டா நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரத்தை உருவாக்கியபோது, மாவு சரியாகப் பிசைபடவில்லை. அந்நிறுவனத்தின் இக்குகோ தனகா என்ற பெண், ஒசாகா ஹோட்டலொன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் சேர்ந்து பழகினார். அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதைக் கண்டுகொண்டார். அதன்படி திருத்திய இயந்திரம் 1987இல் விற்பனைக்கு வந்தது.

முல்லைத்தீவில் விதைநெல்லை முளைகட்டுவதும் இப்படித்தான். "ஊறப்போட்டுச் சாக்கில கட்டி வைக்கணும்" என்பார் என் உம்மாவின் வாப்பா. ஆனால் இடையிடையே சாக்குக்குள் கைவிட்டுப் பார்ப்பார். சில வேளை தண்ணீர் தெளிப்பார். ஏன் என்று கேட்டபிறகே, "சூடு கூடினா முளை பழுதாகிடும் மகள்" என்றார்.

ஆகவே, எழுதுபவர் முதலில் வேலையைப் பார்க்க வேண்டும். கை தயங்கும் இடத்தில், "இப்ப என்ன பார்த்தீங்க?" என்று கேட்க வேண்டும். எழுதியதைப் புதியவரிடம் கொடுத்துச் செய்விக்க வேண்டும். அவர் தடுமாறும் இடத்தில்தான் ஏதோ விடுபட்டிருக்கும்.

1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதால், பல பிள்ளைகள் தம் வயலைக் காணாமலே வளர்ந்தார்கள். பார்த்துப் பழகும் வழி அறுந்த இடத்தில் எழுத்துத்தான் துணை. மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம்.