கழுத்து மருவை அகற்றுவது சில நிமிட வேலை. அதற்கு முன் ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது ஏன் அவசியம்?

பெங்களூரு: கழுத்தில் சங்கிலி உரசும் இடத்திலோ, அக்குளிலோ, கண் இமையின் ஓரத்திலோ அரிசி மணி அளவில் மென்மையான சதைத் துணுக்கு ஒன்று தொங்குவதைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலி இல்லை, அரிப்பு இல்லை. சட்டைக் காலரில் சிக்கி இழுபடும்போதோ, திருமணப் புகைப்படத்தில் கண்ணை உறுத்தும்போதோதான் அதை அகற்றும் எண்ணம் வருகிறது. அந்த நேரத்தில் எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் அவசர முடிவாகிவிடுகிறது. புருவம் திருத்தச் சென்ற அழகு நிலையத்திலேயே சுட்டு எடுத்துக்கொள்வது, இணையத்தில் மருநீக்கித் திரவம் வாங்கித் தடவுவது, நூலால் இறுகக் கட்டிவிடுவது என்று வழிகள் பல. இவற்றில் எதைப் பின்பற்றினாலும் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது: இந்த மரு ஏன் வந்தது?

ஆங்கிலத்தில் 'ஸ்கின் டேக்' என்றும் மருத்துவ நூல்களில் 'அக்ரோகார்டான்' என்றும் இது அழைக்கப்படுகிறது. தோலின் மேலடுக்கு, அதற்குள் தளர்வாகப் பின்னிய கொலாஜன் இழைகள், சிறிது கொழுப்பு, நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஆகியவை சேர்ந்து மெல்லிய காம்பில் தொங்குவதே இதன் அமைப்பு. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவைத் தாண்டுவதில்லை. அரிதாகச் சில திராட்சை அளவுக்கும் வளர்வதுண்டு. இது புற்றுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. நடுத்தர வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உடலில் எங்கேனும் ஒன்றாவது இருக்கும் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன.

பெயரில் உள்ள குழப்பம்

தமிழில் 'மரு' என்ற ஒரே சொல் இரு வேறு பொருட்களைக் குறிப்பதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். 'பாலுண்ணி' என்ற சொல்லும் அவ்வாறே பல பொருளில் புழங்குகிறது. பெங்களூருவில் கன்னடம் பேசுவோர் சொல்லும் 'நரஹுலி' என்ற பெயரும் அப்படித்தான். கை விரல்களிலும் பாதத்திலும் சொரசொரப்பாக எழும்பும் மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அது தொற்றும், ஒரே துண்டு, ஒரே சவரக் கத்தி ஆகியவற்றால் பரவும். தோல் மடிப்புகளில் மென்மையாகத் தொங்கும் ஸ்கின் டேக்கோ தோலின் சொந்த வளர்ச்சி. கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கடுகு தூவியது போலத் தோன்றும் சிறு கரும்புள்ளிகள் மூன்றாவது வகை. கருமை நிறத் தோலில் இவை மிக இயல்பு. குடும்ப வழியாகவும் வருகின்றன.

இந்த வேறுபாடு வெறும் பெயர் விவகாரம் அல்ல. வைரஸ் மருவுக்கான அமில மருந்து, உள்ளங்கை, பாதம் போன்ற தடித்த தோலுக்காகத் தயாரிக்கப்படுவது. அதையே கழுத்தின் மெல்லிய தோலில் தடவினால் புண்ணாகும். மறுபுறம், வைரஸ் மரு பல நேரங்களில் மாதங்கள் அல்லது ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பாற்றலால் தானாகவே மறைந்துவிடும். அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவியவர்களும், கோயிலில் உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டவர்களும் மரு உதிர்ந்த கதையைச் சொல்வதற்கு இந்த இயல்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஸ்கின் டேக் அவ்வாறு தானாகக் கரைவது அரிது. காம்பு முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றால் மட்டுமே கறுத்து விழும். அப்போது வலியும் இருக்கும்.

கழுத்து தரும் முன்னறிவிப்பு

தோலோடு தோல் உரசுவது, உடல் பருமன், முதுமை, குடும்ப வழி ஆகியவை இதற்கான காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கர்ப்ப காலத்து ஹார்மோன் மாற்றங்களாலும் புதிதாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவர்கள் முக்கியமாகக் கவனிப்பது இன்சுலின் எதிர்ப்பு நிலையைத்தான்.

உடலின் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்க முயல்கிறது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அளவு உயர்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது தொடங்கிவிடும். இன்சுலின் சர்க்கரையை மட்டும் கையாளும் ஹார்மோன் அல்ல. வளர்ச்சியைத் தூண்டும் தன்மையும் அதற்கு உண்டு. அளவுக்கு மீறிச் சுரக்கும் இன்சுலின் தோல் செல்களையும் கொலாஜன் உற்பத்தி செய்யும் செல்களையும் பெருகச் செய்கிறது. அதன் வெளிப்பாடாகப் பிடரியில் தோல் தடித்து, வெல்வெட் துணி போலக் கறுக்கிறது. அதன்மீதும் அதைச் சுற்றியும் ஸ்கின் டேக்குகள் தோன்றுகின்றன. இந்தக் கருமைக்கு 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்று பெயர். பல வீடுகளில் இதை அழுக்கு என்று எண்ணிப் பிள்ளைகளின் கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதும், சரியாகக் குளிப்பதில்லை என்று கடிந்துகொள்வதும் நடக்கிறது. தேய்க்கத் தேய்க்கத் தோல் மேலும் தடிக்குமே தவிர நிறம் மாறாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் முடிவுகள், 2023 ஜூன் மாதம் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியாயின. நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் வாழ்வதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. நகர்ப்புறங்களில் நீரிழிவின் விகிதம் 16.4 சதவீதம், கிராமப்புறங்களில் 8.9 சதவீதம். நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்தும், போக்குவரத்து நெரிசலில் மணிக்கணக்கில் வாகனத்துக்குள் அமர்ந்தும் கழியும் பெங்களூரு வாழ்க்கையில் இந்த எண்களுக்குக் கூடுதல் பொருள் உண்டு.

ஒற்றை மரு இருப்பதாலேயே ஒருவருக்கு நீரிழிவு என்று முடிவு செய்வது தவறு. ஒல்லியாக, ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் இது வரும். ஆனால் குறுகிய காலத்தில் பல மருக்கள் தோன்றினாலோ, பிடரி கறுத்திருந்தாலோ, ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் இருந்தாலோ, பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தாலோ பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாதவிடாய் ஒழுங்கற்று வரும் இளம் பெண்களுக்கு இதே அறிகுறிகள் பி.சி.ஓ.எஸ். எனும் கருப்பைச் சினைப்பைக் கோளாறையும் சுட்டலாம். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், அல்லது ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. அறிகுறி இல்லாதவர்களுக்கு மறு பரிசோதனையில் அது உறுதி செய்யப்படும். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முந்தைய நிலை எனக் கொள்ளப்படுகிறது. இந்த முந்தைய நிலையில் எடையைக் குறைத்து, நடைப்பயிற்சியைத் தொடங்கினால் நோயைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ முடியும் என்பதால்தான் கழுத்து தரும் இந்த முன்னறிவிப்பு விலை மதிப்புள்ளதாகிறது. நகரின் வார்டுகளில் இயங்கும் 'நம்ம கிளினிக்' மையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம்.

வீட்டு வைத்தியம் எங்கே தவறுகிறது

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது, நூல் அல்லது குதிரைவால் முடியால் கட்டுவது, நகவெட்டியால் வெட்டுவது, பூண்டை நசுக்கி ஒட்டுவது ஆகியவை நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. சுண்ணாம்புக் கலவை உண்மையிலேயே சதையை அரிக்கும். ஆனால் மரு எங்கே முடிகிறது, நல்ல தோல் எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. மேலும், இத்தகைய மருக்கள் அதிகம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குத் தாங்களே அறியாத நீரிழிவு இருக்கக்கூடும். அவர்களுக்குச் சிறு புண்ணும் ஆறத் தாமதமாகும். சீழ் பிடிக்கும் வாய்ப்பும் அதிகம்.

இணையத்தில் விற்கும் திரவங்களின் நிலையும் இதுவே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில், மச்சம் மற்றும் ஸ்கின் டேக் நீக்கிகளை விற்றதற்காக அமேசான் உள்ளிட்ட 3 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடிய இத்தகைய நீக்கி எதற்கும் தான் ஒப்புதல் அளித்ததில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. தோல் புண்ணாவதும் வடு விழுவதும் ஒருபுறமிருக்க, மரு என்று எண்ணி அரித்து எடுத்தது தோல் புற்றுநோயாக இருந்தால் அதைக் கண்டறியும் வாய்ப்பே கைநழுவிப் போகும் என்பதே பெரிய கவலை. ஐயத்துக்குரிய சதையை மருத்துவர் வெட்டி எடுக்கும்போது அது திசுப் பரிசோதனைக்குச் செல்கிறது. அமிலத்தில் கரைந்த சதையை யாரும் பரிசோதிக்க முடியாது.

நிறம் சீராக இல்லாதது, ஓரம் ஒழுங்கற்றிருப்பது, வாரக்கணக்கில் விரைவாக வளர்வது, தொடாமலே ரத்தம் கசிவது, ஆறாத புண்ணாக நிற்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அதை மரு என்று கருதி விட்டுவிடலாகாது. ஆசனவாய் அருகே தொங்கும் சதையை மூலம் எனக் கருதித் தாமே மருந்திடுவதும், மரு எனக் கருதித் தாமே கட்டுவதும் இரண்டுமே ஆபத்தானவை. கண் இமை விளிம்பில் உள்ளதைக் கண் மருத்துவரிடம் காட்டுவதே நலம்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்

மரப்புக் களிம்பு தடவி முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருப்பதுதான் இந்தச் சிகிச்சையில் நீண்ட பகுதி. அதன் பிறகு சிறு கத்தரியால் காம்பை நறுக்குவதோ, மின்சாரம் அல்லது ரேடியோ அலைக் கருவியால் பொசுக்குவதோ சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் முறையும் உண்டு. அதன் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். தோலுக்கு நிறம் தரும் செல்கள் மற்ற தோல் செல்களைவிட எளிதில் குளிரால் அழியக்கூடியவை. மைனஸ் 4 முதல் மைனஸ் 7 டிகிரியிலேயே அவை பாதிக்கப்படும். எனவே மாநிறமும் கருமையும் கொண்ட தோலில் உறையவைத்த இடம் வெண்திட்டாக நின்றுவிடலாம். கழுத்தில் ஒரு வெண்திட்டு இருந்தால் ஊர் என்ன பேசும் என்பதை நம் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. கழுத்து, முகம் ஆகிய இடங்களுக்கு எந்த முறை ஏற்றது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள், சிறு காயமும் தழும்பாகத் தடித்துவிடும் இயல்புள்ளவர்கள் அதைச் சிகிச்சைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். அழகு நிலையங்களில் இந்தக் கேள்விகளைக் கேட்பவர் இருப்பது அரிது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசிமுனை முறையாகத் தொற்று நீக்கப்படாமல் அடுத்தவருக்குப் போனால் ஹெபடைட்டிஸ் பி வரை பரவக்கூடும். கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிலையங்கள் அனைத்தும் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டுமாறு கேட்பதில் தயக்கம் வேண்டாம். செலவைக் கருதுவோருக்கு விக்டோரியா, பௌரிங் போன்ற அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவுகள் உள்ளன. அழகுக்காக மட்டும் செய்யப்படும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தருவதில்லை.

அகற்றிய பின் ஓரிரு நாட்கள் அந்த இடத்தை உலர்வாக வைத்து, பரிந்துரைத்த களிம்பைத் தடவினால் போதும். பொருக்கைப் பிய்க்காமல் இருந்தால் ஒன்றிரண்டு வாரங்களில் தானே உதிரும். ஒன்றை வெட்டினால் பத்து முளைக்கும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். வைரஸ் மருவைக் கீறிப் பரப்பிக்கொண்டவர்களின் அனுபவத்திலிருந்து வந்த அச்சமாக அது இருக்கலாம். ஸ்கின் டேக்கிற்கு விதையும் இல்லை, வேரும் இல்லை. எடுத்த இடத்துக்கு அருகே சில மாதங்களில் புதிதாக ஒன்று வந்தால், அது வெட்டியதால் வந்ததன்று. முதல் மருவை வரவழைத்த எடையும் இன்சுலினும் அப்படியே இருப்பதால் வந்தது.