வந்து வந்து போகும் விளக்கு

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அதன் பிறகு நமது யாழ்ப்பாண வியாபாரிகளுக்குச் சென்னை என்பது ஒன்றேகால் மணித்தியாலச் சமாச்சாரமாகிவிட்டது. அதற்கு முன்னர் இரவு முழுக்க பஸ்ஸில் ஆடி அசைந்து கட்டுநாயக்காவுக்குப் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். பலாலிக்கு வருவது ஏ.டி.ஆர். 72 என்ற இரட்டை இறக்கைச்சுழலி விமானம். எழுபது பேரளவில் ஏறலாம். ஒருமுறை என் பக்கத்தில் இருந்த புடவைக்கடை நண்பர், 'டிங்' என்று மணி அடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு "நானா, என்ன பிழை?" என்றார். அது இடுப்புப் பட்டியைப் போடச் சொல்லும் மணி. விமானிகளின் அறைக்குள்ளே அடிக்கும் மணி வேறு. அது நமக்குக் கேட்பதில்லை.

அந்த மணியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். விமானத்துக்கும் வியாபாரப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நேயர்கள் என் லொறியின் கதை வரும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விமானிகளுக்கு வரும் எச்சரிக்கைகளுக்கு நிறம் உண்டு. சிவப்பு என்றால் உடனே செயற்பட வேண்டும், மணியும் விடாமல் அடிக்கும். மஞ்சள் என்றால் ஒரு முறை மணி, கவனித்துப் பார்க்க வேண்டிய விஷயம். இதற்கெல்லாம் பயிற்சி இருக்கிறது. முதல் வேலை விமானத்தை ஓட்டுவது. இரண்டாவது, எங்கே போகிறோம் என்று பார்ப்பது. அதன் பிறகுதான் மற்றவரோடு பேசுவது. ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையிலோ புத்தகத்திலோ உள்ள வரிசையை வாய்விட்டு வாசிப்பார். முக்கியமான சுவிட்சில் ஒருவர் கை வைத்தால் மற்றவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் அதை அசைக்கலாம். இறங்கியதும் நடந்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதைப் பார்த்து இஞ்சினியர் கையெழுத்து வைக்காமல் அடுத்த பயணம் கிடையாது.

2024 ஒக்டோபர் 11 ஆம் திகதி மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் இதைக் கண்டோம். ஏறிய சற்று நேரத்திலேயே ஹைட்ரோலிக் கோளாறு. உள்ளே 141 பேர். எரிபொருள் பாரத்தோடு இறங்குவது ஆபத்து என்பதால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமிட்டு எரிபொருளைக் குறைத்து, இரவு எட்டு மணிக்குப் பிறகு பத்திரமாக இறக்கினார்கள். ஷார்ஜா பயணம் என்றால் நம்மவர்களின் உறவினர்களும் இருந்திருப்பார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அங்கே கோளாறு வந்தது, வந்தபடியே நின்றது. ஆகவே அதை யாரும் சந்தேகிக்கவில்லை. சிக்கல், வந்து போகும் எச்சரிக்கையில்தான் இருக்கிறது. எரியும், அணைத்துப் போட்டால் போய்விடும், பத்து நிமிடத்தில் திரும்ப வரும். மனிதனுக்கு முதலில் பயம், பிறகு எரிச்சல், பிறகு பழக்கம்.

2014 டிசம்பர் 28 ஆம் திகதி இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த எயார் ஏசியா எயார்பஸ் விமானத்தில் நடந்தது அதுதான். வால் சுக்கான் எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் கருவியின் மின்பலகையில் ஒரு ஈயப் பற்றவைப்பு விரிந்திருந்தது. தொட்டும் தொடாமலும் இருந்ததால் எச்சரிக்கை வந்து வந்து போனது. முந்திய 12 மாதங்களில் 23 தடவை அந்தக் கருவி பிரச்சினை கொடுத்திருந்தது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ செய்தார்கள், போய்விட்டது, விமானம் மறுபடி பறந்தது. மூலகாரணத்தை மட்டும் யாரும் பிடிக்கவில்லை.

அன்றைய பயணத்தில் நான்கு முறை வந்தது. முதல் மூன்று முறையும் திரையில் சொன்னபடியே செய்தார்கள். நான்காவது முறை பிரேக்கர் சுவிட்ச் இழுக்கப்பட்டது. மூன்று நாட்களுக்கு முன் தரையில் ஒரு இஞ்சினியர் அப்படிச் செய்ததைக் கெப்டன் பார்த்திருந்தார். தரையில் அது வைத்தியம். வானத்தில் அது தானியங்கி ஓட்டத்தையே நிறுத்திவிட்டது. விமானம் ஒரு பக்கம் சரிந்தது. ஒன்பது விநாடிகள் அதை ஒருவரும் கையால் பிடிக்கவில்லை. பிடித்தபோது மூக்கை மேலே இழுத்தார்கள். வேகம் செத்துக் கடலில் விழுந்தது. 162 உயிர்கள். கெப்டன் 20,000 மணித்தியாலங்களுக்கு மேல் பறந்த பழுத்த ஆள். முதலில் எரிந்த அந்த மஞ்சள் எச்சரிக்கையோ, விட்டிருந்தாலும் சிங்கப்பூர் போய்ச் சேரக்கூடிய அளவு சிறியது.

இனி என் லொறி. கொழும்பிலிருந்து இரும்புச் சாமான் ஏற்றும் லொறி. ஒயில் லைட் மினுங்குகிறது என்று டிரைவர் புளியங்குளத்திலிருந்து போன் பண்ணினார். டாஷ்போர்டில் தட்டினால் போகிறதாம். கடையில் கூட்டம். "வந்து பார்ப்போம்" என்றேன். வந்ததும் கராஜ் பாஸ் பார்த்து, வயர் லூஸ் என்று இறுக்கிவிட்டார். இரண்டு கிழமை பேச்சில்லை. பிறகு அந்த டிரைவர் மகளின் கலியாணத்துக்கு லீவில் போனார். வேறொரு பையனிடம் சாவியைக் கொடுத்தேன். லைட்டைப் பற்றி டிரைவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாங்குளத்துக்கு இந்தப் பக்கம் இஞ்சின் இறுகி நின்றது. பாரத்தை வேறு லொறிக்கு மாற்றிய கூலியும் இஞ்சின் வேலையும் அந்த வருட இலாபத்தில் பெரும் பங்கைத் தின்றது. பையனைத்தான் முதலில் ஏசினேன். ஏசியது தவறு. அவனுக்கு என்ன தெரியும்?

இந்தோனேசியாவில் 2018 இலும் இதே கதைதான், உயிர்க்கணக்கில். ஒக்டோபர் 28 ஆம் திகதி பாலித் தீவிலிருந்து ஜகார்த்தாவுக்கு வந்த லயன் எயார் போயிங் விமானத்தில், ஒரு உணர்கருவி பிழையான அளவு காட்டியதால், பயணத்தின் பெரும்பகுதி கெப்டன் பக்கத்துக் கைப்பிடி அதிர்ந்துகொண்டே இருந்தது. மூக்கு தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. அவர்கள் ஒரு சுவிட்சை வெட்டிவிட்டுச் சமாளித்து வந்து சேர்ந்தார்கள். ஆனால் பதிவேட்டில் கைப்பிடி அதிர்ந்ததையும் சுவிட்சை வெட்டியதையும் எழுதவில்லை. எழுதியிருந்த சில்லறைக் குறைகளைத் துப்புரவாக்கி, தரையில் சோதித்து, சரி என்று விட்டார்கள். மறுநாள் காலை அதே விமானத்தை எடுத்தவர் டெல்லியைச் சேர்ந்த கெப்டன் பவ்யே சுனேஜா. மூக்கைக் கீழே தள்ளும் அந்தப் புதிய ஏற்பாட்டைப் போயிங் கொம்பனியே விமானிகளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதுதான் பெரிய குற்றம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் முதல் நாள் இரவு ஒருவருக்குத் தெரிந்திருந்த வழி, காலையில் வந்தவரின் கைக்குக் கிடைக்கவில்லை. 189 பேர் போனார்கள்.

நான் இப்போது லொறிக்குள் ஒரு கொப்பியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எது வந்து போனாலும், போய்விட்டது என்றாலும், திகதியோடு எழுத வேண்டும். சாவி வாங்குகிறவர் முந்திய பக்கத்தை வாசித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். டிரைவர் முதலில் சிரித்தார். கடையில் உள்ளவர்களும் "ஹாஜியார் பிளேன் ஓட்டுகிறார்" என்றார்கள். ஒரு மாதம் கொப்பி வெறுமையாகத்தான் கிடந்தது. போன வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்த்தபோது ஒரு வரி இருந்தது: "கிளிநொச்சி தாண்டி பிரேக் ஒரு தரம் இழுத்தது. பிறகு சரி." லொறியை அன்றே கராஜுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை லோட் ஒரு நாள் பிந்தியது.